ஏயும் டியும் ஒரே ஆள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாங்க்குக்குப் போகிறவர்கள் கவுன்டரில் இருக்கும் வெள்ளத்தாயிடம் மட்டும் சொந்தம் கொண்டாட மாட்டார்கள். எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஒருமுறை மகாராஜபுரத்துக்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "தாயி, ஒங்க பெரியப்பா மகன் இருக்காருல்ல, அவரு பொண்டாட்டிக்கு நான் கூடப்பொறந்த அண்ணன்" என்று கவுன்டருக்குள் தலையை நீட்டினார். வெள்ளத்தாய் குனிந்த தலை நிமிரவில்லை. "அப்ப எனக்கு மச்சான் முறை வேணும். மச்சானும் வரிசைல நிக்கலாம், ஒண்ணும் தப்பில்ல" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போய்க் கடைசியில் நின்றார்.

யாருக்கு யார் என்ன வேண்டும் என்பதைக் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுகிற இந்த வெள்ளத்தாய், இதே சொந்தக் கணக்கில்தான் இரண்டு தடவை மண்ணைக் கவ்வினாள் என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். மூன்றாவது தடவை ஜெயித்தாள். அந்தக் கதையை அவளைச் சொல்லச் சொன்னால் புருசன் பெருமை பாடிவிடுவாள். அவள் புருசனைச் சொல்லச் சொன்னால் பொண்டாட்டி பெருமை பாடியே விடிந்துவிடும். அதனால் நாம் சொல்வதே நல்லது.

அவளுக்குப் பிறந்த ஊர் சுந்தரபாண்டியம். தாய் கருத்தம்மா. கருத்தம்மாவுக்கு ஒரே தம்பி மலைச்சாமி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ராஜபாளையத்தில் நூல் மில் வேலைக்குப் போனவன். தனக்குக் கிட்டாத படிப்பு அக்கா மகளுக்காவது கிட்ட வேண்டும் என்று அவனுக்கு ஒரு வெறி. வார லீவில் ஊருக்கு வந்தால், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, முதல் வேலையாக அவளுடைய பரீட்சைப் பேப்பரைத்தான் கேட்பான். ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. சிவப்பு மையில் போட்டிருக்கும் மார்க் தெரியும். "பொட்டப் பிள்ளையப் படிக்க வச்சு கலெக்டர் ஆக்கப் போறியாக்கும்" என்று ஊரில் கேட்டவர்களுக்கு, "ஆனா ஆயிட்டுப் போறா, ஒங்களுக்கு எங்க வலிக்கி" என்று திருப்பிக் கொடுத்தான்.

பன்னிரண்டாவது முடித்ததும் அவனுக்கே அவளைக் கட்டிவைத்தார்கள். ஒரு பக்கம் அக்கா மகள், ஒரு பக்கம் தாய்மாமன், இதில் யாரைக் கேட்க என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். கேட்டிருந்தாலும் வெள்ளத்தாய் அவனைத்தான் சொல்லியிருப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் "மாமா" என்று கூப்பிட்டாள்; பின்னாலும் "மாமா"தான். மில்லுக்குப் பக்கத்திலேயே ஒரு காம்பவுண்டு வீட்டில் குடித்தனம் வைத்து, அஞ்சல் வழியில் பி.ஏ.வும் படிக்க வைத்தான் மலைச்சாமி. நடுவில் ஒரு பிள்ளையும் பிறந்து, படிப்பு சில வருசம் இழுத்துவிட்டது. பரீட்சை நேரத்தில் பிள்ளையைக் கருத்தம்மா தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

பி.ஏ. முடித்த கையோடு பாங்க் பரீட்சை எழுத மதுரைக்குப் போனாள். எண்பத்தாறாம் வருசம் அது. கணக்கில் அவள் புலி, ஆங்கிலமும் சுமாராக வரும். அப்படியும் தேறவில்லை. எங்கே சறுக்கியது என்று தலைகீழாக நின்று யோசித்தும் பிடிபடவில்லை. அடுத்த பரீட்சைக்கு முன்னால் டியூசன் சேர்த்துவிட்டான் மலைச்சாமி.

டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த சுயம்புலிங்கம் சார், சாயங்காலங்களில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அந்த டியூசனை நடத்தினார். பாங்க், ரயில்வே என்று எதற்காவது எழுதிக்கொண்டிருந்த பையன்கள் நிறைய. பெண்கள் என்று பார்த்தால் வெள்ளத்தாயும், பாத்திரக்கடை நைனா முகமதுவின் மகள் நூர்பானுவும்தான். ஒருநாள் சார் கரும்பலகையில் நான்கு எழுத்துகளை எழுதி, நடுவில் மூன்று குறிகளைப் போட்டார். கழித்தல் குறி போட்டால் சகோதரன் என்று அர்த்தம். பெருக்கல் குறி தாய். வகுத்தல் குறி மனைவி.

"ஏ, பியோட சகோதரன். பி, சியோட தாய். சி, டியோட மனைவி. அப்படின்னா டிக்கு ஏ என்ன வேணும்?"

சார் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் வெள்ளத்தாய் பதில் சொல்லிவிட்டாள். "ரெண்டும் ஒரே ஆளு சார்."

மாடியே சிரித்தது. சார் சிரிக்கவில்லை, ஆனால் அவருக்கும் புரியவில்லை. "எப்படிம்மா? நாலு எழுத்து இருக்கே" என்றார். அம்மாவுக்குத் தம்பி, அந்த அம்மாவுக்கு மகள், அந்த மகளுக்குப் புருசன். அவள் மனதில் மூன்று பேர்தான் நின்றார்கள்: மாமா, அம்மா, அவள். அதற்குள் பின்வரிசைப் பையன் ஒருவன் விசயத்தைப் பிடித்துவிட்டான். "சார், அவிய சொந்த மாமாவையே கட்டியிருப்பாக போலிருக்கு" என்றான். இரண்டாம் தடவையும் சிரித்தார்கள். இத்தனைக்கும் சிரித்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் அக்கா மகளையோ அத்தை மகளையோ கட்டியவர்கள் இருப்பார்கள். டியூசன் மாடிக்கு ஏறியதும் அதெல்லாம் பட்டிக்காட்டுச் சங்கதி ஆகிவிடுகிறது. வெள்ளத்தாய்க்குக் காதெல்லாம் சூடேறியது.

"சரி, சரி" என்று கையமர்த்தினார் சார். "பரீட்சையில ஒவ்வொரு எழுத்தும் வேற வேற ஆளும்மா. டியோட மனைவிக்குத் தாய்மாமன், ஏ. அதான் விடை."

திரும்பி நடக்கும்போது நூர்பானு மெதுவாகக் கேட்டாள். "யக்கா, நெசமாவே மாமாவையா கட்டியிருக்கீய?"

"ஆமா. ஒங்கள்ல கிடையாதோ?"

"தாய்மாமன் எங்களுக்குப் பெத்த அத்தாவுக்குச் சமானம்க்கா. கட்ட முடியாது. அதான் எனக்கு இந்தக் கணக்கு தப்பல போல."

வெள்ளத்தாய்க்கு அப்போதுதான் பொறி தட்டியது. போன பரீட்சையில் இந்த மாதிரிக் கேள்வி வந்த இடத்திலெல்லாம், தான் நினைத்த விடை கொடுத்திருந்த விடைகளில் இல்லாததால், 'இவற்றில் எதுவுமில்லை' என்று குறித்துவிட்டு வந்திருந்தாள். கேள்வித்தாள் குடும்பத்தில் எவரும் சொந்தத்தில் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதுமில்லை. எங்கிருந்தோ அந்நியத்தில் வந்து வந்து கட்டிக்கொண்டு போகிறார்கள். இது தெரியாமல் நம்முடைய ஆட்களையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் குடியேற்றியிருக்கிறோமே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

தெரிந்துகொண்டால் போதுமா? இரண்டாம் தடவையும் தேறவில்லை. காரணத்தை அவளே மலைச்சாமியிடம் சொன்னாள். எழுத்தை வெறும் எழுத்தாகப் பார்த்தால் அவளுக்குக் கை ஓடாது. பி என்ற இடத்தில் கருத்தம்மாவை உட்கார வைத்து, சி என்ற இடத்தில் தன்னை உட்கார வைத்தால்தான் மடமடவென்று ஓடும். அப்படி ஓடி, புருசன் என்ற குறிக்கு வந்ததும் அங்கே மாமா முகம் வந்து நிற்கும். மாமா ஏற்கெனவே அம்மாவின் தம்பியாக ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பார். அவள் குழம்பிப்போய் 'சொல்ல முடியாது' என்று குறித்துவிடுவாள். பரீட்சை முடிந்து வெளியே வந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

மலைச்சாமி முழுவதையும் கேட்டான். அவனுக்கு இந்த ஏ, பி, சி கணக்கு தெரியாவிட்டாலும் சங்கதி சட்டென்று பிடிபட்டது.

"அப்ப நான்தான் ஒனக்கு எடஞ்சல்" என்றான்.

"நான் அப்படியா சொன்னேன்?"

"இல்ல தாயி, யோசிச்சுப் பாரு. எல்லாரும் சரியாத்தான் உக்காந்திருக்காக. நான் ஒருத்தன்தான் ரெண்டு எடத்தப் பிடிச்சிக்கிட்டு இருக்கேன். புருசன் எடத்துல இருந்து என்னை எடுத்துரு. பரீட்சை முடியிற மட்டும் வேற எவனையாச்சும் கட்டிக்கிட்டதா நெனச்சுக்க."

வெள்ளத்தாய்க்கு முதலில் கோபம் வந்தது. பேச்சைப் பாரு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் விடுவதாக இல்லை. ராஜபாளையம் டவுன் பஸ் கண்டக்டரைச் சொன்னான். கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடைசியில் முகமே தெரியாத ஓர் ஆளை இரண்டு பேருமாகச் சேர்ந்து உண்டாக்கினார்கள். டெல்லிக்காரன். இந்த ஊர்ப் பக்கமே வராதவன், இன்னாருக்கு இன்னார் என்று எவருக்கும் எதுவும் வேண்டாதவன்.

அதற்குப் பிறகு அந்தக் காம்பவுண்டு வீட்டில் நடந்த கூத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டிருந்தால் பேய் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். கேள்விக்குக் கேள்வி குறிக்கு அர்த்தம் மாறும். இன்றைக்குக் கூட்டல் அப்பா என்றால் நாளைக்குக் கூட்டல் தங்கச்சி. மலைச்சாமி ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே, "இன்னைக்கு நான் என்ன குறிடி?" என்பான். "கழித்தல் மாமா." "நேத்து பெருக்கலா இருந்தனே, எறக்கிட்டியா?" என்பான். சாப்பிட உட்காரும்போது, "டெல்லிக்காரன் சாப்ட்டானா? மொதல்ல அவனுக்கு வையி" என்பான். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போவாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். படுக்கும்போது அவளுக்கு ஒரு மாதிரியாக இருக்கும். விளையாட்டுக்கு என்றாலும் அவனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொருவனை வைக்கிறோமே என்று உறுத்தும். வேறு வழியும் இல்லை. அவளுக்கு வயது வரம்பு முடிய இருந்தது. இந்தத் தடவை போனால் போனதுதான்.

எண்பத்தெட்டில் மூன்றாவது தடவை எழுதினாள். உறவுக் கேள்விகள் வரிசையாக வந்தன. டெல்லிக்காரன் சொன்ன இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்தான். மற்றவர்கள் எழுத்துக்கு எழுத்து கோடு போட்டுக் கட்டம் போட்டுத் திணறிக்கொண்டிருக்க, வெள்ளத்தாய் தன் வீட்டு ஆட்களை விரட்டி விரட்டி உட்காரவைத்து ஒரே ஓட்டமாக ஓடி முடித்தாள். நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தபோது மலைச்சாமி அதைக் கையில் வைத்துக்கொண்டு, படித்தால் புரியாத ஆங்கில எழுத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நூர்பானு அதற்கு முந்தின தடவையே தேறியிருந்தாள். பாத்திரக்கடைப் பக்கம் மலைச்சாமியைப் பார்த்தபோது, நல்ல எண்ணத்தில் ஒரு விசயம் சொல்லி வைத்தாள். நேர்முகத்தில் வடக்கத்தி ஆபீசர் ஒருத்தர் இருக்கிறார், குடும்பத்தைப் பற்றித்தான் துருவுகிறார். சின்ன வயசில் சொந்தத்தில் கட்டிக்கொடுத்தார்கள் என்று சொன்ன ஒரு பெண்ணிடம் முகம் சுளித்தாராம், அந்தப் பெண்ணுக்கு வேலையும் வரவில்லையாம் என்றாள். மலைச்சாமிக்கு அது மனதில் தைத்துவிட்டது.

மதுரைக்குக் கிளம்புகிற அன்று காலையில், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். "ஏட்டி வெள்ளை. வீட்டுக்காரரு யாருன்னு கேட்டா மில்லுல வேலை பாக்காகன்னு மட்டும் சொல்லு. மாமன்னு சொல்லாத. அதான் டெல்லிக்காரன் இருக்கானே. பரீட்சையில என்னை எடுத்துட்டுத்தானே பாஸ் பண்ணுன? இதுலயும் எடுத்துரு."

சாதாரணமாகத்தான் சொன்னான். வெள்ளத்தாய் கட்டிவைத்திருந்த டிபன் தூக்குச்சட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

நேர்முக அறையில் மூன்று பேர் இருந்தார்கள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். வெள்ளத்தாயின் ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும், ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பாங்க் பற்றிக் கேட்டார்கள், வட்டி பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். அப்புறம் அந்த வடக்கத்தி ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கிராமத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்களைப் படிக்க வைத்தது யார்?"

"என் தாய்மாமன், சார்."

"நல்லது. கல்யாணமாகிவிட்டது. நீங்கள் வேலைக்கு வருவதில் உங்கள் கணவருக்குச் சம்மதமா?"

சம்மதம் சார் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். பொய்யும் இல்லை. யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். வெளியே வாசலில் டிபன் தூக்குச்சட்டியோடு நிற்கிறவன் அதைத்தான் சொல்லச் சொல்லியிருந்தான். அந்த ஒரு கணத்தில் வெள்ளத்தாய்க்கு வேலையும் தெரிந்தது, அவனும் தெரிந்தான்.

"இரண்டு பேரும் ஒருவர்தான் சார்" என்றாள்.

ஆபீசருக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த தமிழ்க்காரர் விளக்கப் போனார். வெள்ளத்தாய், "நானே காட்டுகிறேன் சார்" என்று ஒரு காகிதம் கேட்டு வாங்கி, டியூசன் மாடியில் எழுதிய அதே நான்கு எழுத்துகளையும் மூன்று குறிகளையும் எழுதினாள். குறிகளுக்கு அர்த்தம் சொல்லி, டிக்கு ஏ என்ன வேண்டும் என்று கேட்டாள். நேர்முகத்துக்கு வந்தவள் ஆபீசரைக் கேள்வி கேட்கிறாள். அவரும் குனிந்து பார்த்து, விரலை ஓட்டி, "டியின் மனைவிக்குத் தாய்மாமன்" என்றார்.

"சரியான விடை சார். பரீட்சையில் நானும் அப்படித்தான் குறித்தேன். ஆனால் எங்கள் வீட்டில் ஏயும் டியும் ஒரே ஆள். இது தெரியாத கேள்வித்தாளில் இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவை என் கணவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் அந்நியரை வைத்தேன். தேறினேன். பரீட்சை முடிந்துவிட்டது சார், அவரைத் திரும்ப வைத்துவிட்டேன்."

ஆபீசர் காகிதத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீங்கள் போகலாம் என்றார். அவர் முகத்தில் இருந்தது சுளிப்பா, சிரிப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் மலைச்சாமி கேட்டான். "என்ன கேட்டாக?"

"ஒங்களப் பத்தித்தான்."

"என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன்."

பஸ் திருமங்கலம் தாண்டிக் கல்லுப்பட்டிக்கு வந்தது. மலைச்சாமி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "கெடுத்துட்டியே தாயி. எம்புட்டு வருசம்" என்றான். வெள்ளத்தாய்க்கு அழுகை முட்டியது, ஆனாலும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். "கெட்டாக் கெட்டுட்டுப் போகுது மாமா. ஒரு தடவ ஒங்கள எடுத்ததுக்கே எனக்கு நெஞ்சு ஆறல. என்னைப் படிக்க வச்சது ஒரு ஆளு, கட்டிக்கிட்டது வேற ஒரு ஆளுன்னு சொல்லி அந்த வேலைல போய் உக்காரணுமா?" என்றாள். அவன் அவள் மடியில் இருந்த தூக்குச்சட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

அடுத்து வந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்கக் கூடாது. தபால்காரரைக் கண்டால் ஒருவர் உள்ளே போவார், ஒருவர் வெளியே வருவார். சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாளில் வேலை உத்தரவு வந்தது, ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைக்கே போட்டு. வெள்ளத்தாய் இரண்டு தடவை படித்துவிட்டு, மூன்றாவது தடவை சத்தமாகத் தமிழில் சொன்னாள். மலைச்சாமி கேட்டுவிட்டுக் குளிக்கப் போனான். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அழுதான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் மாறுகிற நேரம் அவளையும் கூட்டிக்கொண்டு மில் வாசலுக்குப் போனான். ஒரு பை நிறையப் பூந்திப் பொட்டலங்கள். வெளியே வருகிற ஒவ்வொருவர் கையிலும் இரண்டு இரண்டாக வைத்தான். தலையெல்லாம் பஞ்சோடு வந்தவர்கள் விசயம் கேட்காமலேயே பிரித்து வாயில் போட்டுக்கொண்டு நின்றார்கள். பட்டாளத்திலிருந்து வந்து புதிதாக மில்லில் காவல் வேலைக்குச் சேர்ந்திருந்த முத்துவீரன் மட்டும் நியாயம் பேசினார்.

"என்னப்பா, ஆளுக்கு ரெண்டு ரெண்டாக் குடுக்க? ஒண்ணு போதாதா?"

"எப்படிண்ணே போதும்? எங்க குடும்பத்துல ரெண்டு பேருக்கு வேலை கெடச்சிருக்கு" என்றான் மலைச்சாமி.

"அடி சக்கை. யாருக்கு?"

"எங்க அக்கா மகளுக்கு. பாங்க்குல."

"நல்லது, நல்லது. இன்னொண்ணு?"

மலைச்சாமி திரும்பி வெள்ளத்தாயைப் பார்த்தான். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, மில் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினான்.

"என் பொண்டாட்டிக்கு."